திருவிடந்தையில் கிடைக்காத டீ

ரமலான் மாத நண்பகல். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ் திருவிடந்தையில் டீக்கு நிற்கிறது. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு டீ கேட்கிறேன். நெற்றி நிறைய நாமம் போட்ட கடைக்காரர் அதைப் பார்த்துவிடுகிறார்.

"இன்னா பாய், நோன்பு இல்லியா?"

"பயணத்துல இருந்தா விட்டுடலாம்ணே. அப்புறமா புடிச்சுக்கலாம்."

"எங்க போற?"

"மகாபலிபுரம்."

"சென்னையிலேர்ந்து அது அம்பத்தஞ்சு கிலோமீட்டருதான். எம்பதாவது போனாத்தான் உங்களுக்குப் பயணம். பள்ளிவாசல் அஜரத்து சொல்லிக்கீறாரு."

எடுத்த காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்புகிறேன். எனக்குப் பின்னால் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தன் பாண்டிச்சேரி டிக்கெட்டை நீட்டுகிறார். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறார்.

"சக்கரை போடவா, பாய்?"