கொள்ளிடத்தில் எங்கள் நிலம்

எதிர்வீட்டு வாசலில் லாரி மணலைக் கொட்டியதும் ஈரவாடை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. கொள்ளிடத்து மணல். நான் சிறுமியாக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அந்த ஆற்றின் நடுவே ஒரு திட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். நாலைந்து கீற்றுக் குடிசைகள், ஆடுகள், வெள்ளரிக் கொடிகள். உப்பு வாங்கக்கூடப் பரிசலில் ஸ்ரீரங்கம் போக வேண்டும்.

வெள்ளத்துக்கு முன் கரையேறிவிடுவோம். வடிந்தபின் திரும்பினால் வரப்பு, வேலி எதுவும் இருக்காது. ஒரு வருஷம் எங்கள் நிலத்தை ஆறு முழுசாகத் தின்றிருந்தது. அப்பா பரிசலை விட்டே இறங்கவில்லை.

அம்மா இறங்கினாள். தென்கரைப் பனைமரத்துக்குப் பின்னால் உச்சிப் பிள்ளையார் கோயில் மறையும் இடத்தில் போய் நின்றாள். எங்களுக்கும் பக்கத்துக் குடிசை மாணிக்கம் சித்தப்பாவுக்கும் அதுதான் எல்லை. எங்கள் பக்கம் வெறும் தண்ணீர்.

"அப்ப நீங்க ஆத்தைத்தான் வெச்சுக்கணும் அண்ணி" என்று சித்தப்பா சிரித்தார்.

"வெச்சுக்கறேன் தம்பி."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூலைக்கு மூலை மூங்கில் கழி அடித்தாள். அந்த வருஷம் முழுக்கக் கரையிலேயே தங்கிக் கூலி வேலைக்குப் போனாள். சாயங்காலம் பரிசலில் வந்து, சாய்ந்த கழிகளை நிமிர்த்துவாள்.

அடுத்த வெள்ளம் கழிகளைக் கொண்டுபோய், மண்ணைக் கொண்டுவந்து போட்டது. அம்மா மறுபடியும் பனைமரத்தைப் பார்த்து நின்றாள். சித்தப்பாவே புதுக் கழியை எடுத்துக் கொடுத்தார்.

எழுந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போய் மணலை ஒரு கை அள்ளினேன்.

"அது இந்த வீட்டுக்காரங்க மணலும்மா" என்றார் லாரி டிரைவர்.

"இல்லப்பா, எங்களுது" என்று முந்தானையில் முடிந்துகொண்டேன்.