வளையம் வெறிச்சோடிய பிற்பகல்

என் தம்பி மனைவியின் வேலையை எங்கள் வீட்டார் 'சேட்டிலைட் ஆபீஸ்' என்று சொல்லி முடித்துவிடுவர். குடும்பத்தில் பின்னால் வருவோருக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் நம்மைச் சுற்றி வளையமாகப் பாய்கின்றன. வேகம் மிகுந்தவை செயற்கைக்கோளின் உலோகத் தோலையும் துளைக்கும். அவள் கண்காணித்த வானிலைச் செயற்கைக்கோளில் கேமராவை இயக்கும் மின்சுற்றுகள் இரண்டு. ஒன்று ஏற்கெனவே கருகிவிட்டது. மற்றதும் போனால் கோள் குருடு. ஓடிக்கொண்டிருக்கும் சுற்றைத்தான் எலக்ட்ரான்கள் கருக்கும்; ஆகவே அவை பெருகினால் கேமராவை அணைத்துவிடுவர்.

அப்படி அணைத்திருந்த ஒரு நாள், சூரியப் புயல் தாக்கிப் பிற்பகலில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

"தரை தட்டிடுச்சு, ஆன் பண்ணுங்கம்மா. கடல்ல புயல் சின்னம் இருக்கு, படம் கேட்டு போன் மேல போன்" என்றார் மேலதிகாரி.

"போயிடுச்சா, ஒதுங்கி நிக்குதான்னு தெரியலையே சார்."

"பஸ் காலியா இருந்தா எல்லாரும் இறங்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

"டீ குடிக்க இறங்கியிருந்தா?"

அறையே சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை. அவள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. காந்தப்புலம் தளரும்போது எலக்ட்ரான்கள் வெளிப்புறம் நகர்ந்து வேகம் குறையும்; வேகமானவற்றை மட்டும் எண்ணும் கருவிக்கு அவை காணாமல் போனதாகத் தோன்றும். புலம் மீண்டால் பழைய இடத்துக்குப் பழைய வேகத்தோடு திரும்பும். முன்பொருமுறை அப்படியொரு சரிவை இழப்பென்று நம்பிக் கேமராவைப் போட்டுத்தான் முதல் மின்சுற்றைப் பறிகொடுத்திருந்தனர். புலம் மீளும்வரை காத்திருப்பதென்று அவள் முடிவு செய்தாள்.

இடையில் என் தம்பி அழைத்தான். "வீட்டுக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்ல அங்கேயே பாய் போட்டுட்டியா?"

"வர்றேன். அரிசியை மட்டும் குக்கர்ல வைங்க."

பொழுது சாயப் புலம் சீரானது. எண்ணிக்கை ஏறவில்லை. துருவத்தின் மேல் தாழப் பறக்கும் இன்னொரு கோளின் தகவலும் வந்தது: விண்வெளி அலைகள் தடம் புரட்டியதில் எலக்ட்ரான்கள் மழைபோல் காற்றுமண்டலத்தில் விழுந்து மடிந்திருந்தன. இது மெய்யான இழப்பு.

"பாத்தீங்களா? ஒருத்தரும் டீ குடிக்கப் போகல. பிற்பகல் முழுக்க முழுங்கிட்டீங்க."

"முழுங்கிட்டேன் சார்" என்று சொல்லிக் கேமராவுக்கு ஆணையிட்டாள். புயல் இன்னும் கடலில்தான் இருந்தது.

அந்த ஒற்றை மின்சுற்று இன்றும் இயங்குகிறது. அவள் பொறுமையால் பிழைத்தது என்று முதலில் எழுதியிருந்தேன். படித்தவள் அதை அடிக்கச் சொன்னாள்.

"அப்படி எழுதாதீங்க அண்ணி. அன்னைக்கு உடனே போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அது எனக்கு அப்பத் தெரியாது, அவ்வளவுதான்."

அடித்துவிட்டேன்.