மிளாவுக்கு வைத்த நெல்லிகள்

எழுதுவதற்குப் படிப்பு வேண்டும், இல்லையென்றால் துணிச்சலாவது வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேருக்கு முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே படுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில நெல்லிமரங்களையும், அவற்றின் காய்க்காக மலையிலிருந்து இறங்கி வந்த மிளாக்கள் என்னும் பெரிய மலைமான்களையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எங்கள் விளை, அதாவது மேட்டுத் தோட்டம், பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. வயல்கள் முடிந்து, மேடு தொடங்கி, மேட்டில் கீழ்விளை, அதற்கும் மேலே எங்கள் மேல்விளை. அதன் பிறகு வீடு கிடையாது, மலைதான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் மலைக்காய்ச்சலில் போனார்கள். அதே காய்ச்சலில் கிடந்து நான் மட்டும் எழுந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நான் வாயே திறக்கவில்லை. ஊமைப் பெண்ணைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதன் பிறகு யாரும் வரவில்லை. கோழிகளும், கொஞ்சம் மரச்சீனி என்கிற மரவள்ளியும், ஒரு சிறு ஓட்டு வீடுமாக இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு இறங்குவேன். மற்ற நாட்களில் ஒரு வார்த்தையும் பேசாமல் பொழுது அடைவது சாதாரணம்.

யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் எல்லாரும் மலைச்சரிவை வெட்டி மரச்சீனி நட்டார்கள். பசிக்கு வேறு என்ன செய்வார்கள்? ஆனால் அந்தச் சரிவில் நின்ற நெல்லியும் தான்றியும் நாவலும் அயினியும் போயின. போன பிறகுதான் மிளாக்கள் விளைக்குள் இறங்கத் தொடங்கின.

முதல்முதலாக ஒரு மிளாவைப் பக்கத்தில் பார்த்தது ஒரு மாசி மாதத்துக் காலையில். பசுக்கிடாரி அளவு இருக்கும். தவிட்டு நிறம். எனக்கும் அதற்கும் நடுவே பத்தடிகூட இல்லை. மரச்சீனிக் கொழுந்தை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. விரட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்த முதல் முகம் அதுதான்.

அந்த வருஷத்தில்தான் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. மழைக்காலத்தில் நான் கன்று வைக்கத் தொடங்கினேன். விதைக்கு அலையவில்லை. மிளா நெல்லிக்காயை முழுதாக விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். மலைக்குள் அவை படுத்து எழுந்த இடங்களில் கொட்டைகள் குவியலாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வந்து வெயிலில் உலர்த்தினால் வெடித்து உள்ளிருக்கும் விதை வெளியே வரும். விளையின் மேல் ஓரத்தில், மலையைத் தொட்டு ஒரு வரிசை போட்டேன். நடுவே நாவலும் தான்றியும் வைத்தேன். மேலேயே காய் கிடந்தால் கீழே இறங்க மாட்டா என்பதுதான் என் கணக்கு.

கீழ்விளைக்காரர் எல்லையில் நின்று பார்த்தார். என்னைவிட மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

"என்ன பிள்ளே வைக்கா? தென்னையா?"

"நெல்லி."

"நெல்லியா? ஆருக்கு?"

நான் மலைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"மிளாவுக்கா! இவளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்ல" என்று தம் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவியை நான் மைனி என்பேன். அவளும் சிரித்தாள். ஆனால் சாயங்காலம் கன்றுகளைச் சுற்றிக் கட்ட இலந்தை முள் ஒரு கட்டு வெட்டிக் கொண்டுவந்து போட்டாள்.

முள் இல்லாவிட்டால் கன்று நிற்காது. யாருக்காக வைக்கிறோமோ அவையே கொழுந்தைக் கடித்துவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் கலைமிளா வந்து கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். கோடையில் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். பாதிக்கு மேல் பட்டுப்போயின. பட்ட இடத்தில் மறுபடியும் வைத்தேன். இப்படியே வருஷங்கள் போயின. நாகர்கோவிலில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்த காலம். அந்தச் சத்தம் மேல்விளை வரைக்கும் ஏறாது. கன்றுகள் என் இடுப்புக்கு வந்தன, பிறகு தலைக்கு மேல் போயின. சொல்லிக்கொள்ள ஆளில்லாததால் கோழிகளிடம் சொன்னேன்.

எட்டாவது வருஷம் கார்த்திகையில் நெல்லிக்கிளைகளில் பிஞ்சு தெரிந்தது.

ஆனால் காய் விழுவதற்கு முன்பே கீழ்விளையில் சேதம் நடந்துவிட்டது. ஒரு பிணைமிளா குட்டியோடு இறங்கி ஒரு பாத்தி மரச்சீனியைக் கொழுந்து கடித்துத் தண்டை முறித்துப் போட்டிருந்தது. அண்ணாச்சி என் வாசலுக்கு வந்தார். அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு.

"பிள்ளே, நான் சிரிச்சிட்டு இருக்க மாட்டேன் கேட்டியா? கோடைக்கு எனக்க பிள்ளையளுக்கு இந்தக் கெழங்குதான் சோறு. இன்னொரு தடவ எறங்கட்டும், தோக்கு எடுத்துருவேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். எனக்கிருந்த நம்பிக்கை அந்தக் காய்கள்தாம்.

தை பிறந்ததும் காய் உதிரத் தொடங்கியது. சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் போனதும் அந்தப் பிணையும் குட்டியும் வரும். மரத்து மூட்டில் கிடப்பதைத் தின்றுவிட்டுத் திரும்பி மேலே ஏறிவிடும். நான் அடுக்களைக் கதவை ஒரு சாண் திறந்துவைத்துப் பார்ப்பேன். அது காயை மெல்லும் சத்தம் எனக்குக் கேட்கும். அந்த ஒரு மாதமும் கீழ்விளையில் ஒரு இலைகூடச் சேதமில்லை.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, எங்கள் கோயிலில் அறுப்புப் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் முதல் காய்ப்பு எதுவானாலும் அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவது வழக்கம். நெல்லோ, வாழைக்குலையோ, கோழி முதலில் இட்ட முட்டையோ, படைத்துவிட்டுப் பிறகு கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். நானும் ஒரு கை நெல்லிக்காயைத் துணியில் முடிந்து கொண்டுபோகலாம் என்று இருந்தேன்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை நான் துணி துவைக்க ஓடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, மைனியும் கோயில் பெண்கள் இரண்டு பேரும் மரத்தடியில் நின்றார்கள். கிளைகளை உலுக்கி, தரையைச் சுத்தமாகக் கூட்டிப் பெருக்கி, பெரிய பனையோலைக் கடவம் நிறையக் காயை அள்ளி வைத்திருந்தார்கள். மூட்டில் ஒரு சருகு இல்லை. கிளையில் ஒரு காய் இல்லை.

"ஏட்டி, வந்திட்டியா? நீ வாயத் தொறந்து ஆளு கூப்பிட மாட்டேன்னு தெரியும். அதாக்கும் நாங்களே ஏறி வந்தோம்" என்றாள் மைனி. முகமெல்லாம் வியர்வை.

"மைனி, கொஞ்சம் இங்க கெடக்கட்டும்..."

"என்னத்துக்குக் கெடக்கணும்? எட்டு வருஷம் தண்ணி சுமந்தது ஆருன்னு சபைக்குத் தெரியாண்டாமா? மொதப்பலன் எடுக்கும்போ மிச்சம் வைக்கப்பிடாது."

எனக்காகச் செய்திருக்கிறாள். முதற்பலன் கர்த்தருக்கு என்று நானும் நம்புகிறவள்தான். கடவம் அவள் தலையில் ஏறி இறக்கத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் பிணை வந்தது. பெருக்கின தரையை முகர்ந்தது. ஒவ்வொரு மூடாகப் போய் முகர்ந்தது. பிறகு குட்டியைக் கூட்டிக்கொண்டு, விளையின் ஓரமாகக் கீழே இறங்கியது. கீழ்விளையில் அப்போது ஆளில்லை. எல்லாரும் கோயிலில் குருத்தோலை கட்டப் போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்விளையில் மறுபடி ஒரு பாத்தி முறிந்து கிடந்தது. அண்ணாச்சி வெள்ளை வேட்டியோடு எல்லையில் நின்றார். "பாத்தியா? இன்னைக்குச் சாயந்திரம் நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

ஆராதனையில் என் மனம் நிற்கவில்லை. கடவம் பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. படைத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது. ஏலத்தில் எடுக்கலாம். கோழி விற்று வைத்திருந்த பணத்தை முந்தானையில் முடிந்திருந்தேன். ஆனால் ஏலத்தில் விலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சபை ஊழியர்தான் ஏலம் விடுகிறவர். ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"மேல்விளைத் தங்கச்சிக்க மொதப்பலன்! தின்னுட்டுத் தண்ணி குடிச்சா தண்ணியே பாயசம்! ஆரு கேக்கிய?"

அண்ணாச்சி முதலில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பெண்கள் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஊழியர் ஒரு தரம் சொன்னார். ரெண்டு தரம் சொன்னார்.

"எனக்கு வேணும்!" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பந்தல் முழுவதும் திரும்பியது.

"ஆரு, மேல்விளையா? இவளுக்கு வாய் உண்டுமா!" என்றது ஒரு குரல்.

"ஏ பிள்ளே, நீ கொண்டுவந்ததுல்லா இது?" என்றார் சபை ஊழியர்.

"ஆமா. எனக்கு வேணும்" என்று விலையைக் கூட்டிச் சொன்னேன்.

அண்ணாச்சிக்கு வேடிக்கையாகிவிட்டது. அவரும் கூட்டினார். "விட மாட்டேன். எங்க வீட்டுக்காரி ஊறுகாய்க்கு ஆசைப்படுகா." நான் கூட்டினேன். அவர் கூட்டினார். என் முடிச்சில் இருந்தது முடியப்போகிறது என்று தெரிந்தது.

"இவ்வளவையும் கொண்டுபோயி என்ன செய்யப் போற? கடை வைக்கப் போறியா?" என்றார் அண்ணாச்சி.

"மிளாவுக்கு" என்றேன்.

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. என் காது கொதித்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். அதனால் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணாச்சி, நேத்து மூட்டில ஒண்ணும் கெடக்கல்ல. அதாக்கும் ஒங்க விளைக்கு எறங்கினது. இது அங்க கெடந்தா எறங்காது. நீங்களும் வெடி வைக்காண்டாம்."

சபை ஊழியர் பெஞ்சின் மேலிருந்து குனிந்தார். "கேட்டீரா வேய்? ஒமக்க மரச்சீனிக்குக் காவல் போட அவ ஏலம் எடுக்கா. நீரு எதுத்துக் கேக்கீரு!"

இப்போது சிரிப்பு அண்ணாச்சி பக்கம் திரும்பியது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, தரம் சொல்லும்" என்றார். மூணு தரமும் சொல்லியாயிற்று.

கடவத்தைத் தலையில் தூக்கிவைக்க மைனி கை கொடுத்தாள். பந்தல் வாசலில் அண்ணாச்சி மட்டும், "எறங்கினா வெடிதான். அதுல மாத்தமில்ல" என்றார்.

சபையார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு நிற்காமல் தனியாக ஏறினேன். கழுத்து வலித்தது. மரத்தடிகளில் சருகு அள்ளிப்போட்டு, அதன் மேல் காயைப் பரப்பினேன். மனுஷக் கை பட்ட வாசம் தெரிந்தால் தொடாதோ என்று பயமாக இருந்தது. கதவை ஒரு சாண் திறந்துவைத்து அடுக்களையில் உட்கார்ந்தேன்.

வெயில் மலைக்குப் பின்னால் போனது. இரண்டு விளைகளுக்கும் நடுவே உள்ள மண் கையாலைச் சுவரை ஒட்டி அண்ணாச்சி வந்து நின்றார். தோளில் துப்பாக்கி. அவர் நின்ற இடத்திலிருந்து என் நெல்லிகள் தெரியும்.

பிணை வந்தது. குட்டி பின்னால் வந்தது. சருகை முகர்ந்து தலையைத் தூக்கியது. காதுகள் கீழ்விளைப் பக்கம் திரும்பி நின்றன. பிறகு குனிந்து ஒரு காயை எடுத்தது. இன்னொன்றை எடுத்தது. குட்டியும் தின்றது. அடுத்த மூட்டுக்குப் போய் அங்கேயும் தின்றன. இருட்டத் தொடங்கியதும் இரண்டும் மேலே ஏறிப் போயின.

அண்ணாச்சி துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மிளாக்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். என் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே வந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காலையில் பேசியதோடு என் பேச்சு தீர்ந்துபோயிருந்தது. அவர் இறங்கிப் போனார். நான் விளக்கைக் கொளுத்திக் கஞ்சி காய்ச்சினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நெல்லிக்காய் தீர்ந்து மிளா மறுபடி இறங்குவதற்குள், முற்றின பாத்திகளை இப்போதே பிடுங்கிவிடப் போவதாக அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். ஆள் போதாது என்று மைனி கூப்பிட்டாள். போய் மத்தியானம் வரைக்கும் கிழங்கு பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.