மாமாவின் துணி சோப்பு

என் மாமனார் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குளியலறையைப் பட்டறை ஆக்கி வைத்திருக்கிறார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், துணி துவைக்கிற சோப்பு, தரை தேய்க்கிற பிரஷ். கிரீஸ் பிடித்த உடம்புக்கு அது சரி. இப்போது கிரீஸ் ஏது? வறண்டு வெடித்த தோல்தான். அரிக்கிறது. அரித்தால் அழுக்கு என்று இன்னும் தேய்க்கிறார். சொல்பேச்சு கேட்கிற ஆளா அவர்!

சர்க்கரை வியாதி வேறு. கெண்டைக்காலில் தோல் பிளந்து புண்ணாகிவிட்டது. டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"ஐயா, இது அழுக்கு இல்ல, வறட்சி. வெதுவெதுப்பான தண்ணியில சீக்கிரமா குளிங்க. மேலுக்குப் போடுற சோப்பு போதும். ஒத்தித் துடைச்சு, ஈரம் காயறதுக்குள்ள புண்ணை விட்டு மத்த இடத்துல கிரீம் தடவுங்க. இப்படியே தேய்ச்சீங்கன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் கிரீம் டப்பாவைத் தள்ளிவிட்டார். "ஆயுசு பூரா இந்தப் பிசுக்கைத்தான் கழுவினேன். மறுபடியும் பூசிக்கவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி சோப்பைப் பரணில் ஒளித்தேன். கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தார். நான் கட்டுப் போடுவேன், அவர் அவிழ்த்துவிட்டுத் தேய்ப்பார். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டோம்.

நேற்று குளியலறைத் தண்ணீரில் ரத்தம் கலந்து வந்தது. கதவை இடித்தேன். "மாமா! காலை வெட்டினாதான் அடங்குவீங்களா? யாருக்காக இந்தத் தேய்ப்பு?"

இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். "உன் புருஷனைக் கேளு! பாப்பாவை என் மடியிலேருந்து வெடுக்குனு பிடுங்கிட்டுப் போனான். ஊறிப்போன கிரீஸ் நாத்தம், குழந்தைமேல ஒட்டிக்குமாம்."

யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகவே அவர் எங்கள் பாப்பாவைத் தூக்கி நான் பார்க்கவே இல்லை. அட பாவி மனுஷா, பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது?

சாயங்காலம் கணவர் ஆபீஸிலிருந்து வந்து பாப்பாவுக்குக் கை நீட்டினார்.

"கிட்ட வராதீங்க. வேர்வை நாத்தம், குழந்தைமேல ஒட்டிக்கும்."

பாப்பாவை மாமாவின் மடியில் உட்கார வைத்தேன். கணவருக்கு முகம் செத்துப்போயிற்று. மாமா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பாப்பா அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்ன வேடிக்கை பாக்கற?" என்று மாமா என்மேல் எரிந்து விழுந்தார். காலை என் பக்கம் நீட்டினார். "கிரீமை எடுத்துட்டு வா."