குதிரை என்றால் உடனே ஏறிவிடுவதா?

போன வாரம் ஹட் பே என்ற தீவு ஊரில் ஒரு கல்யாணம். நல்ல சாப்பாடு, நல்ல கூட்டம்... எனக்கு மட்டும் இன்னும் கோபம் ஆறவில்லை.

என் தங்கை ஸ்டெல்லா அங்கேதான் இருக்கிறாள். டூரிஸ்ட்டுகளுக்காகக் கடற்கரையில் குதிரைச் சவாரி தொடங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஓர் இளங்குதிரையை வரவழைத்திருக்கிறாள். பெயர் மோத்தி. அதன் முதுகில் இதுவரை யாரும் ஏறியதில்லை — ஸ்டெல்லாகூட!

தினமும் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதோடு நடப்பாள். அவள் நின்றால் அது நிற்க வேண்டும். நெஞ்சில் லேசாகக் கை வைத்தால் பின்னால் நகர வேண்டும். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் உதறக் கூடாது. இதெல்லாம் பழகிய பிறகுதான் சேணம், சவாரி எல்லாம்.

"கீழ நிக்கும்போதே என்னை நம்பாத குதிரை, மேல உக்காந்தா நம்புமாக்கா?" என்பாள். நியாயம்தானே?

கல்யாண வீட்டில் அந்த நியாயம் எடுபடவில்லை. வடக்கத்திக் கல்யாணங்களைப் போல மாப்பிள்ளை குதிரையில் சர்ச்சுக்கு வர வேண்டும் என்று அவருடைய தாய்மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஸ்டெல்லா மறுத்துவிட்டாள்.

"அரே, குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது! குதிரைன்னா ஏறத்தானம்மா? நீ என்ன, நாய்க்குட்டி மாதிரி கூட்டிக்கிட்டு அலையுத?"

"அது இன்னும் பழகல அண்ணாச்சி. யாராவது விழுந்தா?"

அவர் சிரித்தார்.

கல்யாணத்தன்று நாங்கள் சேலை கட்டிக்கொண்டிருந்த நேரம். மனிதர் மோத்தியின் கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, 'ட்ரையல்' பார்க்கிறேன் என்று ஏறியேவிட்டார்! சேணம் கிடையாது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்து பேண்ட் செட்காரர் ட்ரம்மைத் தட்ட...

மோத்தி துள்ளியது. மாமா சேற்றில். குதிரை ரோட்டில் — சர்ச்சை நோக்கி ஓடியது. அங்கே வாசலில் பூக்கூடையோடு சின்னப் பிள்ளைகள்!

ஆளாளுக்குக் கத்திக்கொண்டு கம்பைத் தூக்கினார்கள். "கத்தாதீங்க! யாரும் துரத்தாதீங்க!" என்றபடி ஸ்டெல்லா பாதி கட்டிய சேலையோடு, வெறுங்காலோடு குறுக்கே ஓடினாள். ரோட்டோரமாக நின்று கையை உயர்த்தினாள்.

"மோத்தி... நில்லு."

தினமும் காலையில் சொல்கிற அதே குரல். குதிரையின் காதுகள் அவள் பக்கம் திரும்பின. வேகம் குறைந்தது. நின்றது. உடம்பெல்லாம் நடுக்கம். ஸ்டெல்லா கயிற்றைப் பிடித்து, நெஞ்சில் கை வைத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தது.

சேற்றோடு வந்து சேர்ந்த மாமா முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பாகல் கோடா! பைத்தியக் குதிரை! இத வித்துத் தொலைம்மா." குதிரை அமைதியாக நிற்பதைப் பார்த்ததும் அடுத்த யோசனை: "இப்பதான் சொன்ன பேச்சு கேக்குதே... மாப்பிள்ளைய ஏத்திருவோமா?"

ரத்தம் கொதிக்குமா, கொதிக்காதா?

"உங்களத் தள்ளிட்டு வந்து எங்கிட்ட நின்னுச்சு அண்ணாச்சி. ஏன்னு யோசிக்கவே மாட்டீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. "நான் நடந்தே வாரேன் மாமா" என்று முன்னால் நடந்துவிட்டார்.

கல்யாணம் குறையில்லாமல் முடிந்தது. ஆனால் மோத்தி? இப்போது ஸ்டெல்லா தோள்பட்டையைத் தொட்டாலே விலகுகிறது. பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை... அவள் மறுபடியும் முதலிலிருந்து கயிற்றைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருக்கிறாள். ஊருக்கு அது 'முரட்டுக் குதிரை'. மாமாவுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

முதுகு என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், சிலருக்கு உடனே உட்காரத் தோன்றிவிடுகிறது!