கண்ணாடிக்கு அப்பால் தங்கச்சி

சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் எத்தனை வருடம் கழித்துப் பொய்யாகிறது? ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘குமிழ் அண்ணன்’ என்று அழைக்கப்பட்டவரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்பதுபோல் இருந்தது. அவர் இதை எப்போதாவது தன்னிடமே கேட்டுக்கொண்டாரா என்பது தெரியாது. வாய் திறந்து பேசுகிற வேலை முழுவதையும் தங்கையிடம் விட்டிருந்தார்.

பெயர் தொழிலால் வந்தது. அந்தக் காலத்தில் பாட்டுப் பதிவை மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், மிக்ஸர் மேசையின் குமிழ்கள் எல்லாம் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். இடையில் வேறு ஆட்கள் வந்து கண்டபடி திருகிவிட்டுப் போவார்கள். அதனால் கிளம்புமுன் மேசையைப் படம் பிடித்து வைப்பது உதவியாளரான அவருடைய பொறுப்பு. மேசையின் முன்வரிசையில் ஃபேடர்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒன்று. மேலே தள்ளினால் குரல் கூடும், அடிவரை இழுத்தால் இல்லாமலே போகும். எது யாருடையது என்று காகித நாடா ஒட்டிப் பேனாவால் எழுதியிருப்பார்கள். கேமராவில் இருந்த ஃபிலிம் மேசையைப் படம் பிடிக்க மட்டும்தான். ஆட்களை எடுத்தால் முதலாளி வள்ளென்று விழுவார்.

அந்தக் கூடத்தில் பாடிப் பேர்வாங்கிய நால்வர் குழுவின் பதிவுகளைப் பற்றி இப்போது ஒரு புத்தகம் தயாராகிறது. குழுவின் முகங்கள் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. பதிப்பாசிரியை அவர் வீட்டுக்கு வந்தது குமிழ்களைத் தேடித்தான்.

சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பியாயிற்று. அடுத்த தெருவிலிருந்து தங்கையும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“பாவம்மா நீங்க. என் கல்யாணத்துலயே என்னை விட்டுட்டு ஸ்பீக்கரைப் படம் எடுத்த ஆளு இவரு.”

“நீ குறுக்க நின்ன,” என்றார் அவர்.

“பார்த்தீங்களா? கல்யாணப் பொண்ணு ஸ்பீக்கருக்குக் குறுக்கயாம்.” அவள் பதிப்பாசிரியை பக்கம் நாற்காலியை இழுத்தாள். “அந்த மழைப் பாட்டு கேட்டிருப்பீங்கல்ல? கடைசி சரணத்துல பின்னாடி மெல்லிசா ஒரு குரல் ஏறும். அது நான்தான்.”

“அப்படியா? எங்கயும் உங்க பேரைப் பார்க்கலையே.”

“போட மறந்துட்டானுங்க. என் மருமக இருக்காளே, ‘அத்தை கதை விடுறாங்க’ன்னு பேரப்பிள்ளைங்ககிட்டயே சொல்றா. பாட்டுல இருக்கேன், பேரு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அண்ணன் படங்களை விட்டுத் தலை தூக்கவில்லை.

அவள் பாடியது உண்மை. அந்தப் பாட்டுக்கு ஒரு பெண்குரல் தேவைப்பட்டபோது அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் எல்லாருக்கும் அவள் தங்கச்சி. நாடாவிலும் அப்படியே எழுதினார்கள். ஆனால் குழுத் தலைவருக்குக் குரல் ஒட்டவில்லை. அந்தப் பகுதியைத் தானே தொண்டையை ஒடுக்கிப் பெண்குரலில் பாடினார். எல்லாக் குரல்களையும் சேர்த்து முடிக்கிற அன்று, “தங்கச்சி ஃபேடரை இறக்கிடுப்பா,” என்றார். இவர் இறக்கினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பாடுகிற அறையில் அவள், தன் குரலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து மேசையைப் படம் பிடிக்கும்போது அவர் கேமராவைச் சற்றே தூக்கினார். அவர் எடுத்தவற்றில் முகம் விழுந்த படம் அது ஒன்றுதான். இசைத்தட்டு வெளிவந்ததும் அவள் போட்டுக் கேட்டாள். பதிவில் சொந்தக் குரல் வேறு மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்ததால் சந்தேகம் வரவில்லை. அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் தட்டு அவள் பெருமையோடு மாமியார் வீடுவரை போய்விட்டது.

“இது யாரு, கண்ணாடிக்குப் பின்னாடி?” என்றார் பதிப்பாசிரியை.

தங்கை படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். “நானேதான். எங்க ஒளிச்சு வச்சிருந்தண்ணா இதை?” மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது, கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தாள். “இடுப்பைப் பாருங்க, ஊதினா பறந்துடுவேன்போல. இது புத்தகத்துல வரணும்மா. மருமக வாயை அடைச்சே ஆகணும்.”

அவள் போன பிறகு பதிப்பாசிரியை படத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோனார். நல்ல படம் என்று சொல்வதற்கில்லை. விளக்கொளி கண்ணாடியில் பட்டுப் பாதிச் சிரிப்பை விழுங்கியிருந்தது. கீழே மேசை மட்டும் துல்லியம். மற்ற ஃபேடர்கள் எல்லாம் நடுவுக்கு மேலே. ‘தங்கச்சி’ என்ற நாடாவுக்கு மேலிருந்தது மட்டும் அடியில். பதிப்பாசிரியையின் விரல் அங்கே நின்றது.

“சார், அப்போ அந்தக் குரல்...”

“அவளுது இல்ல.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

பதிப்பாசிரியை படத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக் காட்டினார். “கீழ்ப்பாதியை வெட்டிடலாம் சார். முகம் மட்டும் வரட்டும். பதிவுல இருந்தாங்கங்கிறது பொய் இல்லையே. இல்ல, வேணாம்னா படத்தையே விட்டுடலாம்.”

அவர் படத்தை வாங்கி மேசைமேல் வைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார்.

“வெட்டாதீங்க. முழுப் பக்கத்துக்குப் போடுங்க.”

“அடியில என்னன்னு எழுதுறது?”

“நாடாவுல எழுதியிருக்கே.”

ஏன் என்று கேட்டார் பதிப்பாசிரியை. அவர் மற்ற படங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார். புத்தகம் வந்து, தங்கை மூக்குக்கண்ணாடியோடு அந்தப் பக்கத்தைப் பிரித்து, அடியில் கிடந்த ஃபேடர்மேல் விரலை வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டபோதும் அவர் சொல்லவில்லை.