வாட்டாத கொழுந்து

வீரையாவின் வாய் பொய் சொன்னாலும் மூக்கு பொய் சொல்லாது. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் கொழுந்தை இரவெல்லாம் வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டுக் கறுப்புத் தூளாக்கிய மனிதர். ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். இனி சொந்தமாக இருக்கும் கால் ஏக்கர் கொழுந்தில் பச்சைத் தேயிலை செய்து மசினகுடி ரிசார்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் வாங்காவிட்டால் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே மனைவி மருதாயி எழுந்து போய்விடுவாள்.

கோவையில் உயிர்வேதியியல் படிக்கும் மகள் சுமலதா போனில் விளக்கினாள். "கொழுந்தைக் கறுக்க வைக்கிறது ஒரு புரதம்ப்பா. நீளமான சங்கிலி. சுருண்டு மடிஞ்சு அதுக்குன்னு ஒரு உருவத்துக்கு வந்தாத்தான் அது வேலை செய்யும். பறிச்ச உடனே ஆவி காட்டுனா அந்த மடிப்புப் பிரிஞ்சு, ஒண்ணுக்கும் ஆகாமப் போயிரும். இலை பச்சையாவே நிக்கும்."

"அவிக்கிறதுக்கு இது என்ன இட்டிலியா?" என்றார் வீரையா. ஆனாலும் அவித்தார். எப்படி? இரவெல்லாம் வாட்டி, கையால் உருட்டி, அப்புறம் அவித்தார்! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் புரதம் அதற்குள் தன் வேலையை நிம்மதியாக முடித்துவிட்டிருந்தது. இரண்டு தடவை செய்து பார்த்தும் தூள் தவிட்டு நிறத்தில்தான் வந்தது. "இதை மாடுகூட மோந்து பாக்காது" என்றாள் மருதாயி.

மறுநாள் ருசி பார்க்க வருவதாக ரிசார்ட்டிலிருந்து ரேகா சொல்லிவிட்டாள். வீரையா மிச்சமிருந்த கொழுந்தைப் பறித்து வந்து, வழக்கம்போல் வாட்டப் பரப்பிவிட்டுக் கடைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் மருதாயி, மகள் போனில் சொன்னபடியே, அத்தனையையும் அள்ளி இட்லிக் குண்டானில் ஆவி காட்டினாள். பிறகுதான் உருட்டி, வாணலியில் உலர்த்தினாள்.

திரும்பி வந்தவர் குதித்தார். "வாட்டாத கொழுந்தையா அடுப்புல ஏத்துன? பாவி, குடியக் கெடுத்தியே!"

"என்னைய வாட்டுறது போதாதா? கொழுந்தையாவது விடுங்க."

மறுநாள் ரேகா குடித்த டம்ளரில் தேநீர் இளம்பச்சையாக இருந்தது. "நல்லாருக்குங்க. மாசாமாசம் இதே மாதிரி குடுங்க, எடுத்துக்கறோம். யாருங்க செஞ்சது?"

வீரையா தொண்டையைச் செருமினார். வரப்போகும் பெருமைப் பேச்சுக்குப் பதிலடி கொடுக்க மருதாயி தயாராக நின்றாள்.

"இவதாங்க. நான் ரெண்டு தடவை கெடுத்தேன். இவ இல்லைன்னா நான் நாளைக்குத் திருப்பூர் பஸ்ஸுல உக்காந்திருப்பேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைக் கேலி செய்தே பழகிய மருதாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.